சகலை ஊர் விலைவாசி

எங்கள் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கும் சண்முகசுந்தரம் அண்ணாச்சியிடம் தி.நகரில் தேங்காய் என்ன விலை என்று கேட்டால் தெரியாது. காஞ்சிபுரத்தில் என்ன விலை என்று கேட்டால் பட்டென்று சொல்வார். முருங்கைக்காய், மல்லிகைப்பூ, முடிவெட்டுக் கூலி, ஆட்டோவுக்கு என்ன கேட்கிறான் என்பது வரை எல்லாம் காஞ்சிபுரத்துக் கணக்கில்தான் அவர் மனதில் இருந்தன. அவர் காஞ்சிபுரத்துக்காரர் இல்லை, சங்கரன்கோவில் பக்கம். காஞ்சிபுரத்தில் இருந்தது அவருடைய சகலை ஜவஹர்.

சகலைகள் சமாச்சாரம் தெரிந்ததுதானே. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர். தீபாவளிக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த வேட்டியில் யாருடைய கரை அகலம் என்று தொடங்கும் ஒப்பீடு, தலை நரைத்த பிறகும் நிற்காது. அண்ணாச்சி மூத்த மாப்பிள்ளை. ஜவஹர் இளையவர், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை. வேளச்சேரியில் குடியிருந்து வாடகை தாங்காமல் நான்கு வருடங்களுக்கு முன்பு காஞ்சிபுரம் போனார். தோற்றுப்போய் ஊரைவிட்டுப் போனவர் என்றுதான் அண்ணாச்சி முதலில் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

போன மனிதர் சும்மா இருக்கவில்லை. அங்கே எல்லாம் மலிவு, எல்லாம் ஏராளம் என்று போனில் அளக்க ஆரம்பித்தார். அண்ணாச்சியின் மனைவி பங்கஜம் அக்காவும் ஜவஹரின் மனைவி செண்பகவல்லியும் கூடப்பிறந்தவர்கள். தினமும் காலையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசிக்கொள்வார்கள். அக்கா தைத்துக்கொண்டே கேட்பாள். அண்ணாச்சி சவரம் செய்துகொண்டே கேட்பார். கீரைக்கட்டு விலை காதில் விழும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறலோடு கடைக்கு வருவார், எங்களுக்கும் விலை தெரிந்துவிடும்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பெயர் சாய்நாத், அதே கடையில் பில்லிங் கவுண்டர். பெருங்குடியிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்து, நின்றபடி திரும்புகிறவன். அண்ணாச்சி தன் சகலையைப் பார்த்து எரிந்தார் என்றால், நான் அண்ணாச்சியைப் பார்த்து எரிந்தேன். அவருக்கு உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பதினெட்டு வருடமாக ஒரே போர்ஷன். ஹால், ஒரு ரூம், சமையலறை, எட்டாயிரத்து ஐந்நூறு வாடகை. இன்று அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு இருபதாயிரத்துக்குக் குறைந்து யாரும் வாய் திறப்பதில்லை. மதியம் நாங்கள் டிபன் பாக்ஸில் ஆறிப்போன எலுமிச்சைச் சாதத்தைக் கிளறும்போது, இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோய் சுடுசோறு சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே திரும்பி வருவார். பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"இன்னா அண்ணாச்சி, ராஜபோகமா வாழ்ந்துகினு காஞ்சிபுரத்தப் பாத்து ஏங்குறீங்க?"

"ஒனக்கு என்னலே தெரியும்? ரெண்டு பாத்ரூம்யா அவன் வீட்ல" என்பார்.

அந்த இரண்டு பாத்ரூம்தான் ஆளைச் சாய்த்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போனவர் சகலை வீட்டில் ஒருநாள் தங்கினார். தனி வீடு. முன்னால் கேட், வண்டி நிறுத்த இடம், மாடியில் காற்று. ஜவஹர் ஒரு பாத்ரூமில் குளித்துக்கொண்டிருக்கும்போதே செண்பகவல்லி இவரிடம் துண்டைக் கொடுத்து, "அத்தான், நீங்க அந்த பாத்ரூம்ல குளிங்க" என்றிருக்கிறாள். வாடகை ஒன்பதாயிரம் என்று சாப்பாட்டுப் பந்தியில் ஜவஹர் நாலு பேர் காதில் விழச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகன் பெங்களூரில் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. எதற்கு இரண்டு பாத்ரூம் என்று கேட்டால் பெருமூச்சுதான் வரும்.

நான் மதியம் சில நாள் அவரோடு போய் அவர் வீட்டில் சாப்பிடுவதுண்டு. பங்கஜம் அக்கா ஜன்னலோரம் பிகோ மெஷினில் உட்கார்ந்திருப்பாள். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் பிரியாமல் பிகோ அடிப்பது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் சேலை வாங்குகிறவர்கள் பையோடு நேராக இங்கே வருவார்கள். அடையாறிலிருந்து காரில் வரும் பெண்கள் சந்துமுனையில் காரை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்திருக்கும். ஒரு சேலைக்கு எண்பது ரூபாய் வாங்குவாள். கடைகளில் இதன் இரண்டு மடங்கு கேட்பார்கள்.

அந்தப் பணத்தில்தான் அந்த வீட்டின் மளிகை வந்தது, கேஸ் வந்தது, பால் வந்தது. அண்ணாச்சிக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் கணக்கில் இல்லை. யாராவது கேட்டால், "அவ பொழுதுபோகத் தைக்கா" என்பார். மளிகைக்குக் காசு கேட்காத பெண்டாட்டியைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. காஞ்சிபுரத்தில் மிச்சமாகப்போகிற கொத்தமல்லிக் கட்டைப் பற்றி தினமும் யோசித்தார்.

இந்த நிலையில் எங்கள் முதலாளி காஞ்சிபுரத்தில் ஒரு கிளை திறந்தார். பட்டுப் பிரிவில் அனுபவமுள்ள ஒருவர் வேண்டும், அதே சம்பளம், யார் போகிறீர்கள் என்றார். மற்ற எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். அண்ணாச்சி கையைத் தூக்கினார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன், சண்டையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது.

"எனக்கு இங்க வேல இருக்குங்க" என்றாள் அக்கா.

"அங்கயும் சேலைதான விக்குது? ஊரே சேலைல்லா."

"ஊரே சேல. அதனாலதான் சொல்லுதேன். அங்க வீட்டுக்கு வீடு மெஷின் கெடக்கும். எனக்கு எவ கொண்டாந்து குடுப்பா?"

"குடுக்காட்டாப் போட்டும். அதுலயா நம்ம குடும்பம் ஓடுது?"

அக்கா குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ரசம் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை என்று அண்ணாச்சி சொன்னார். மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "தங்கச்சி பக்கத்துல இருப்ப. தெனமும் போன்ல கத்த வேண்டாம், எட்டிப் பாத்துப் பேசலாம்" என்றிருக்கிறார். அக்காவுக்குச் செண்பகவல்லி என்றால் உயிர். தாய் இல்லாத வீட்டில் இவள்தான் அவளுக்குத் தலைவாரிவிட்டு வளர்த்தவள். தங்கைக்காகத்தான் ஒப்புக்கொண்டாள்.

வீட்டு உரிமையாளர் பத்ரிநாராயணன் மாடியில் இருப்பவர், மயிலாப்பூரிலிருந்து வந்த பழைய குடும்பம். புரோக்கர் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். காலி செய்கிறோம் என்று அண்ணாச்சி போய்ச் சொன்னபோது மனிதருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"பதினெட்டு வருஷமா ஒரு சத்தம் போட்டதில்லை நீங்க. இப்போ எவனோ வந்து ஆத்துல ஆணியடிச்சுண்டு இருப்பான். வேண்டாம். நீங்களே உங்க மனுஷாளா ஒருத்தரைப் பாத்து விட்டுட்டுப் போங்கோ. உங்க மனுஷான்னா அதே வாடகை, அதே அட்வான்ஸ். நான் ஒரு ரூபா ஏத்த மாட்டேன்."

பழைய சென்னைக்காரர்களிடம் இன்னும் மிச்சமிருக்கும் வழக்கம் இது. போகிற குடித்தனக்காரர் கைகாட்டுகிற ஆளுக்குப் பழைய வாடகை. அந்த ஒரு விரல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அவன் பிழைத்தான். மறுநாள் காலை அண்ணாச்சி இதை என்னிடம் சொன்னபோது என் கை பில்லிங் மெஷினிலேயே நின்றுவிட்டது. எட்டாயிரத்து ஐந்நூறு. நடந்து வரும் தூரம். சுடுசோறு.

"அண்ணாச்சி, எனக்குக் கேளுங்க. நான் உங்க மனுஷன்தானே?"

"கேக்கேன், கேக்கேன்" என்றார்.

கேட்டிருப்பார். ஆனால் அதற்கு முன்னால் அவருக்கு இன்னொரு முக்கியமான வேலை இருந்தது. டீக்கடையில் நின்று ஜவஹருக்குப் போன் போட்டார். நாலு வருடமாக வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். ஸ்பீக்கரில்தான் போட்டார், நானும் கேட்க வேண்டுமே.

"தம்பி, நாங்களும் ஒங்க ஊருக்கு வாரோம். ஒங்க வீட்ட விடப் பெருசாவே ஒரு வீடு பாக்கச் சொல்லியிருக்கேன்."

அந்தப் பக்கமிருந்து ஜவஹர் குரல் வந்தது. அளக்கிற குரல் இல்லை.

"அப்ப தி.நகர் வீட்டுக்கு ஆள் சொல்லிட்டியளா அண்ணாச்சி?"

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. ஜவஹரின் மகளுக்கு அடையாறில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆபீசிலும் கிண்டிக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். மூன்று வாரமாகச் சென்னையில் வீடு தேடுகிறார். போகிற இடமெல்லாம் இருபத்திரண்டு, இருபத்தைந்து, அதற்குப் பத்து மாத அட்வான்ஸ். காஞ்சிபுரத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டு, இப்போது திரும்பி வருகிறேன் என்று சகலையிடம் சொல்லக் கூச்சம்.

"எங்க வீடும் காலியாகுது அண்ணாச்சி. அதே வாடகைக்கு நீங்க எடுத்துக்கிடுங்க. ஒங்க வீட்ட எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி விடுங்க."

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் கேட்டுக் கேட்டு எரிந்த அதே வீடு, அதே கேட், அதே இரண்டு பாத்ரூம், கையில் வந்து விழுகிறது. அதோடு ஜவஹர் இவரிடம் கெஞ்சுகிறார். அந்தச் சில நிமிடங்களில் மனிதர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

"நான் சொன்னா ஓனர் தட்டமாட்டாரு. நீ கவலப்படாத" என்று சொல்லி போனை வைத்தார்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "அண்ணாச்சி, எனக்குக் கேக்குறேன்னு சொன்னீங்களே?"

"சகலை கேக்கான், எப்படிலே இல்லன்னு சொல்ல முடியும்?" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. அன்று முழுக்க நான் அவர் பில்களை எல்லாம் கடைசியில்தான் போட்டேன்.

அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "அவளே இங்க வந்துட்டா, நாம யாருக்காக அங்க போறோம்?" அதற்கு அவர், ஆனி முடியப்போகிறது, ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற முடியாது, முதலாளிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று வேறு எதையெதையோ சொல்லியிருக்கிறார். ஆடிக்குப் பயந்து அவசரப்பட்டு வீடு மாறுகிறவர்கள் நம் ஆட்கள்தான். ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்காமல் இருக்க ஆடி நல்ல சாக்கு.

ஆனியின் கடைசி முகூர்த்த நாளில் இரண்டு குடும்பங்களும் இடம் மாறின. வண்டிகூட ஒன்றுதான். ஜவஹர் போட்ட திட்டம். காலையில் தி.நகரிலிருந்து அண்ணாச்சி வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன அதே வேன், திரும்பும்போது ஜவஹர் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தது. வேன் வாடகையை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். பத்ரிநாராயணன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிகோ மெஷினை மட்டும் அக்கா வேன் ஆட்கள் யாரையும் தொட விடவில்லை. நானும் அவளும்தான் தூக்கி வைத்தோம்.

ஆவணியில் என் வார விடுமுறை நாளில் காஞ்சிபுரம் போனேன். அண்ணாச்சி கேட்டிலேயே நின்றிருந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். பாத்ரூம்களைத் திறந்து, விளக்குப் போட்டுக் காட்டினார். முருங்கைக்காய் விலை சொன்னார். எல்லாம் உண்மைதான், மலிவுதான். ஆனால் ஹாலில் உட்கார்ந்ததும் குரலை இறக்கினார்.

"மாசக் கடசியில இழுக்குதுலே. ஏன்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. ஜவஹர் மிச்சம் பிடித்தது வேளச்சேரி வாடகையிலிருந்து. இவர் போனது எட்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு. பால் பாக்கெட்டும் கேஸ் சிலிண்டரும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை. நடந்து கடைக்குப் போனவர் இப்போது பெட்ரோல் போடுகிறார். எல்லாவற்றுக்கும் மேல், ஜன்னலோரம் மெஷின்மேல் ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. அதன்மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. இரண்டு மாதத்தில் அக்காவிடம் வந்தது நான்கு சேலைகள், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது. அக்கா மளிகைக்குக் காசு கேட்கத் தொடங்கியிருந்தாள். கேட்கும்போது சுவரைப் பார்த்துக் கேட்டாள் என்று பிறகு அண்ணாச்சியே சொன்னார்.

அக்கா இலை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செண்பகவல்லி. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"ஏக்கா, இங்க ஒன்னத் தேடி ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க. பிகோ அடிக்கிற வீடு இதானன்னு. இப்பக்கூட அடையாறுலருந்து ஒரு அம்மா அஞ்சு சேலையோட நிக்காங்க. நான் வேணா வாங்கி வச்சுக்கிடட்டா? நானும் தைப்பேம்லா. எவ்ளோ சொல்ல?"

அக்கா கையில் தண்ணீர்ச் செம்பு. அப்படியே நின்றாள். தங்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மலரும் அந்த முகத்தை நான் பதினைந்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். அன்று அது இறுகியது. தன் வீட்டில், தன் ஜன்னலோரத்தில், தன்னைத் தேடி வந்தவர்கள். அந்த வீட்டில் ஊரார் விலைவாசி கேட்டு ஒருவர்தான் பொறாமைப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"எரநூறு சொல்லு" என்றாள் அக்கா.

அண்ணாச்சி நிமிர்ந்தார். "நீ எம்பது..." என்று தொடங்கியவர், அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"சரிக்கா" என்று தங்கை வைத்துவிட்டாள். அந்த விலைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள், வந்தவள் சேலைப்பையோடு திரும்பிவிடுவாள் என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா சாதம் பரிமாறினாள். நான் குழம்பு ஊற்றிக்கொள்ளும்போது மறுபடி போன்.

"அக்கா, ஒரு வார்த்த பேசலக்கா! அஞ்சு சேலைக்கும் ஆயிரத்த அட்வான்ஸாவே குடுத்துட்டுப் போயிட்டாங்க. இத்தன நாளா இந்த ரேட்லயா வாங்குன நீ? அத்தான் ஒரு தடவகூட சொல்லலியே. நாங்கதான் ஒங்களவிட நல்லா இருக்கோம்னு இவரு பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரு."

அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருடம், ஒரு சேலைக்கு எண்பது ரூபாய். தி.நகர் இருநூறு கொடுக்கக் காத்திருந்திருக்கிறது. அவளும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவரும் கேள் என்று சொல்லவில்லை. அவர் காஞ்சிபுரத்தில் கொத்தமல்லி என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி விடவில்லை. "எங்கிட்ட சாதா மெஷின்தான இருக்கு. ஒம் பிகோ மெஷின் அங்க சும்மாதானக்கா கெடக்கு? ஞாயித்துக்கெழம இவரு வண்டி எடுத்துக்கிட்டு வாரேங்காரு, குடுத்து விடுதியா?"

அண்ணாச்சி இலையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். பங்கஜம் அக்கா எழுந்து போய், மெஷின்மேல் அடுக்கியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். போர்த்தியிருந்த சேலையை உருவினாள். பிறகு போனை வாய்க்கருகில் கொண்டுபோனாள்.

"வண்டி வரட்டும். மெஷினோட நானும் வாரேன். ஹால்ல எனக்கு ஒரு பாய் போட்டு வையி. வாங்கி வச்ச சேலைல கையி வைக்காத, நான் வந்து தைக்கேன்."

"ஏய், அப்ப நான்?" என்றார் அண்ணாச்சி.

"ஒங்களுக்கு இங்க எல்லாம் மலிவுல்லா" என்றாள் அக்கா. "இருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சகலையின் வீட்டைப் பார்த்த அதே கண்தான். இந்த முறை அது தன் மனைவியைப் பார்த்து எரிந்தது. நான் கை கழுவப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வண்டி வந்தது.